நீரின் இயைபு: ஒரு வாய்பாடு நிலைபெற்ற வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நீர் ஐதரசனும் ஆக்சிசனும் சேர்ந்த சேர்மம் என்னும் செய்தியைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே வரியில், ஒரே பெயரோடும் ஒரே ஆண்டோடும் சொல்லி முடிக்கின்றன. 1766 முதல் 1860 வரையிலான ஆய்வுகளை வரிசைப்படுத்தி நோக்கினால், நீரை ஆக்கிய சோதனை, அது சேர்மம் என்ற விளக்கம், அதன் வாய்பாடு ஆகிய மூன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு காரணங்களால் நிலைபெற்றமை புலனாகிறது. ஐதரசன், ஆக்சிசன் கனஅளவு விகிதம் 2:1 என்பது 1805இலேயே உறுதியாகியும், அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக நீருக்கு எச்ஓ என்ற வாய்பாடு வழங்கிவந்ததன் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நீரின் இயைபு, பிளாஜிஸ்டன், கேவண்டிஷ், லவாய்சியர், அணு எடை, கன்னிசாரோ

முன்னுரை

கல்லூரி ஆய்வகங்களில் நீரை மின்னாற்பகுக்கும் செய்முறை இன்றும் நடைபெறுகிறது. அமிலம் சிறிது கலந்த நீரில் மின்சாரம் பாய்கிறது. எதிர்மின்வாயில் சேரும் வளியின் கனஅளவு நேர்மின்வாயில் சேர்வதைப் போல் இரு மடங்காக இருக்கிறது. இதிலிருந்து நீரின் வாய்பாடு எச்₂ஓ என்று மாணவர் எழுதிக்கொள்கின்றனர். சோதனைக்கும் முடிவுக்கும் இடையே உள்ள ஒரு படி இங்கே விடுபட்டுப்போகிறது. கனஅளவு இரண்டுக்கு ஒன்று என்றால் அணுக்களின் எண்ணிக்கையும் இரண்டுக்கு ஒன்று என ஏன் கொள்ளவேண்டும்? சம கனஅளவுள்ள வளிகளில் சம எண்ணிக்கையில் துகள்கள் இருப்பதாக முன்னரே ஏற்றுக்கொண்டவருக்கே அம்முடிவு கிட்டும். அந்தக் கருதுகோளை ஏற்காத ஜான் டால்டன் இவ்விகிதத்தை அறிந்திருந்தும் நீரை ஓர் ஐதரசன் அணுவும் ஓர் ஆக்சிசன் அணுவும் சேர்ந்த பொருளாகவே இறுதிவரை கொண்டார். அவர் பிழைபட எண்ணினார் என்று சொல்வது எளிது. அவர் கையிலிருந்த சான்றுகளை மட்டும் வைத்து அவரை மறுப்பது எளிதன்று.

வாய்பாட்டிற்கு மட்டுமன்று, நீர் தனிமம் அன்று என்ற அடிப்படைச் செய்திக்கும் இதே நிலை உண்டு. ஒவ்வொரு சோதனையும் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கோளுக்கு இடமளித்தது. அவற்றுள் ஒன்று எவ்வாறு நிலைபெற்றது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

நீர் மண்ணாகுமா?

பூதங்கள் ஒன்று மற்றொன்றாக மாறும் என்ற எண்ணம் பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆய்வுச் சான்றோடு வழங்கியது. வான் ஹெல்மாண்ட் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள அலரி வகை மரக்கன்று ஒன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் ஏறத்தாழ 169 பவுண்டு எடை பெற்றது. மண் இழந்ததோ இரண்டு அவுன்ஸ் அளவுதான். எனவே மரமும் பட்டையும் வேரும் நீரிலிருந்தே தோன்றின என்று அவர் முடிவு செய்தார். அவர் மறைந்தபின் 1648இல் வெளிவந்த நூலில் இச்செய்தி இடம்பெற்றது. எடை பார்த்து நடத்திய சோதனை என்ற வகையில் இதில் குறைகாண இடம் குறைவு. காற்றிலிருந்து தாவரம் பொருளை எடுத்துக்கொள்ளும் என்பது அன்று எவருக்கும் தெரியாது.

நீரைக் கண்ணாடிக் கலத்தில் பலமுறை காய்ச்சி வடித்தால் அடியில் வெண்மையான மண் போன்ற படிவு தங்குவதும் நீர் மண்ணாக மாறுவதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. ஆந்துவான் லவாய்சியர் 1768 அக்டோபர் 24 அன்று, வடிந்த நீர் மீண்டும் அடிக்கலத்திற்கே திரும்பும் அமைப்புடைய ‘பெலிக்கன்’ என்னும் கண்ணாடிக் கலத்தில் நீரை அடைத்துச் சூடாக்கத் தொடங்கினார். 101 நாள்கள் கழித்து எடை பார்த்தபோது கலமும் நீரும் சேர்ந்த மொத்த எடையில் மாற்றமில்லை. கலத்தைத் தனியே நிறுத்தபோது அது 17 கிரெயினுக்குச் சற்று மேல் எடை இழந்திருந்தது. கிடைத்த திண்மப் பொருள் 20 கிரெயின் அளவு. சிறு வேறுபாட்டைச் சோதனைப் பிழையெனக் கொண்டு, படிவு கண்ணாடியிலிருந்து வந்ததே என்று அவர் முடிவு செய்தார். ஸ்வீடனில் ஷீலே வேறு வழியில், படிவை வேதிமுறையில் பகுத்து, அதன் கூறுகள் கண்ணாடியின் கூறுகளே எனக் கண்டார்.

இச்சோதனையின் விளைவு ஒருவகையில் நகைமுரணானது. நீர் மண்ணாக மாறாது என்று நிறுவியதன் வழி லவாய்சியர் நீரின் தனிமத் தகுதியைத் தகர்க்கவில்லை, உறுதிப்படுத்தினார். எம்மாற்றத்திற்கும் உட்படாத ஒன்று தனிமமாகத்தானே இருக்கமுடியும்? பதினைந்து ஆண்டுகள் கழித்து அதை மறுக்கவேண்டிய பொறுப்பும் அவருக்கே வாய்த்தது.

பனித்துளி

உலோகங்கள் அமிலத்தில் கரையும்போது வெளிப்படும் ‘எரியும் வளி’யைத் தனிப்பொருளாக ஆராய்ந்து 1766இல் ஹென்றி கேவண்டிஷ் கட்டுரை வெளியிட்டார். 1774இல் ஜோசப் பிரீஸ்ட்லி ‘பிளாஜிஸ்டன் நீங்கிய வளி’யைப் பெற்றார். பிளாஜிஸ்டன் என்பது எரியும் பொருள்கள் யாவற்றிலும் உறைந்து, எரியும்போது வெளியேறும் என்று கருதப்பட்ட ஒரு கூறு. முன்னது இன்றைய ஐதரசன், பின்னது இன்றைய ஆக்சிசன். ஆனால் இவ்வாறு இன்றைய பெயரை இட்டவுடனே அன்றைய சிக்கல் மறைந்துவிடுகிறது. எரியும் வளியே பிளாஜிஸ்டனோ என்று எண்ணியவர்களுக்கு அது உலோகத்திலிருந்து வெளியேறிய பொருள். நீரோடு அதற்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்று எண்ணக் காரணமே இல்லை.

எரியும் வளி எரிகையில் ஈரம் தோன்றுவதைப் பாரிசில் மக்கெர் 1776 அளவிலேயே கண்டார். சுடரின்மேல் பீங்கான் தட்டைப் பிடித்தார். கரி படியவில்லை, தெளிந்த நீர்த்துளிகள் படிந்தன. 1781இல் இங்கிலாந்தில் வார்ல்டயர் மூடிய செப்புக் கலத்தில் வளிக் கலவையை மின்பொறியால் வெடிக்கச் செய்தார். வெப்பத்திற்கு எடை உண்டா என்பதே அவர் நோக்கம். கலத்தின் உட்புறம் பனித்துளி படிந்ததை அவரும் பிரீஸ்ட்லியும் கண்டனர். வளியில் முன்னரே இருந்த ஈரம் வெளிப்பட்டதாகக் கொண்டு மேற்சென்றனர். லவாய்சியரும் இந்த ஆண்டுகளில் எரியும் வளியை எரித்து விளைபொருளைத் தேடினார். ஆக்சிசன் சேர்வதால் அமிலம் உண்டாகும் என்பது அவர் கோட்பாடு. ஆகவே அவர் அமிலத்தைத் தேடினார். கண்முன் இருந்த நீர் அவர் தேடிய பொருளாக இல்லை.

வார்ல்டயரின் சோதனையை 1781 கோடையில் மீண்டும் செய்து பார்த்த கேவண்டிஷ் அப்பனித்துளியையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். அளவறிந்து கலந்தபோது 1000 பங்கு சாதாரணக் காற்றுக்கு 423 பங்கு எரியும் வளி போதுமானதாக இருந்தது. எரியும் வளி ஏறக்குறைய முழுவதும், காற்றில் ஐந்தில் ஒரு பங்கும் மறைந்து பனித்துளியாயின. எட்டு அடி நீளமுள்ள கண்ணாடிக் குழாய் வழியே எரிந்த வளிகளைச் செலுத்தி 135 கிரெயின் நீரைச் சேர்த்தார். அது ஏறத்தாழ 9 கிராம் ஆகும். அதற்குச் சுவையில்லை, மணமில்லை; ஆவியாக்கியபோது படிவு எதுவும் தங்கவில்லை. சாதாரண நீரோடு எல்லா வகையிலும் ஒத்திருந்தது.

காற்றுக்குப் பதிலாகப் பிளாஜிஸ்டன் நீங்கிய வளியைப் பயன்படுத்தியபோது கிடைத்த நீர் புளித்தது. அதில் நைட்ரிக் அமிலம் இருந்தது. இந்த அமிலம் எங்கிருந்து வந்தது என்று தெளியும்வரை அவர் கட்டுரையை வெளியிடவில்லை. மாசாகக் கலந்திருந்த நைட்ரசன் வெடிப்பின் வெப்பத்தில் ஆக்சிசனோடு சேர்ந்ததே காரணம் என அவர் ஆய்ந்தறிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பின்னாளைய பூசல் அனைத்துக்கும் வித்தாக அமைந்தது இந்தத் தாமதம்தான். (இதே ஆய்வின் தொடர்ச்சியாக 1785இல் அவர் காற்றில் எவ்வகையிலும் வினைபுரியாத 120இல் ஒரு பங்குக்கு மிகாத குமிழி ஒன்று எஞ்சுவதைக் குறித்துவைத்தார். அது ஆர்கான் என்பது 1894இல் ராலேயும் ராம்சேயும் ஆய்ந்தபோது தெரியவந்தது.)

1784 சனவரி 15 அன்று ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்ட கட்டுரையில் கேவண்டிஷ் அளித்த விளக்கத்தைக் கூர்ந்து நோக்கவேண்டும். பிளாஜிஸ்டன் நீங்கிய வளி என்பது பிளாஜிஸ்டனை இழந்த நீர். எரியும் வளி என்பது பிளாஜிஸ்டன் மிகுந்த நீர், அல்லது பிளாஜிஸ்டனே. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்றின் மிகை நிரப்ப, நீர் வெளிப்படுகிறது. இவ்விளக்கத்தில் நீர் புதிதாக ஆக்கப்படவில்லை; இரு வளிகளிலும் முன்பே இருந்தது. கட்டுரையின் இறுதிப் பகுதியில் லவாய்சியரின் கோட்பாட்டாலும் இந்நிகழ்வுகளை விளக்கலாம் என அவர் ஒப்புக்கொண்டு, வழக்கிலுள்ள கோட்பாடு எல்லாவற்றையும் குறைவின்றி விளக்குவதால் அதிலேயே நிற்பதாகக் கூறினார். நீர் ஐதரசனும் ஆக்சிசனும் சேர்ந்த சேர்மம் என்று கேவண்டிஷ் கண்டுபிடித்ததாகக் கூறும் பாடநூல் வரி, அவர் எடுத்துரைத்து ஏற்க மறுத்த கருத்தை அவர் பெயரில் ஏற்றுகிறது.

முந்தியவர் யார் என்னும் பூசல்

பிரீஸ்ட்லியின் சோதனைகளை அறிந்த பொறியாளர் ஜேம்ஸ் வாட், 1783 ஏப்ரல் 26 தேதியிட்ட கடிதத்தில், நீர் என்பது பிளாஜிஸ்டன் நீங்கிய வளியும் பிளாஜிஸ்டனும் சேர்ந்து, தம் உள்ளுறை வெப்பத்தில் ஒரு பகுதியை இழந்த நிலை என்று பிரீஸ்ட்லிக்கு எழுதினார். நீராவியின் உள்ளுறை வெப்பத்தில் தோய்ந்த சிந்தை அவருடையது. அவ்வழியே அவர் இம்முடிவை எட்டினார். கடிதம் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட இருந்த நிலையில், பிரீஸ்ட்லியின் புதிய சோதனைகள் சில ஐயத்தை எழுப்பியதால் வாட் அதை நிறுத்திவைக்கச் சொன்னார். கேவண்டிஷின் கட்டுரை வெளிவந்த பின்னர், 1784 ஏப்ரலில்தான் அது படிக்கப்பட்டது.

இடைப்பட்ட 1783 சூன் மாதத்தில் கேவண்டிஷின் உதவியாளரான சார்லஸ் பிளாக்டன் பாரிசுக்குச் சென்றார். லண்டன் ஆய்வுகளின் செய்தியை லவாய்சியர் அவர் வாயிலாக அறிந்தார். சூன் 24 அன்று லவாய்சியரும் லப்லாசும் பிளாக்டன் முன்னிலையில் இரு வளிகளையும் எரித்து ஐந்து குரோவுக்குச் சற்றுக் குறைவான நீரைப் பெற்றனர். இன்றைய அளவில் சுமார் 19 கிராம். மறுநாளே அறிவியல் கழகத்தில் நீர் தனிமம் அன்று என அறிவிக்கப்பட்டது. அவசரத்தில் நடந்த அச்சோதனையில் வளிகளின் எடை துல்லியமாக அறியப்படவில்லை. முழுமை தன் பகுதிகளின் கூட்டுக்குச் சமமாகவே இருக்கவேண்டும் என்ற வாதத்தால் லவாய்சியர் அந்த இடைவெளியை நிரப்பினார். மெசியேரில் காஸ்பார் மோஞ்சு அதே கோடையில், எவர் சொல்லியும் அறியாமல், இதைவிடக் கவனமாக அளந்து நீரை ஆக்கினார் என்பது இப்பூசலில் பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

தான் சொன்னதை லவாய்சியர் போதிய அளவு குறிப்பிடவில்லை என 1786இல் பிளாக்டன் ஜெர்மானிய இதழொன்றில் குற்றஞ்சாட்டினார். அவரது நடுநிலையும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. 1784இல் ராயல் சொசைட்டியின் செயலராகிய அவர் இரு கட்டுரைகளின் அச்சாக்கத்திலும் தொடர்புடையவர். கேவண்டிஷின் கையெழுத்துப் படியில், சோதனைகள் 1781இல் நடந்தவை என்னும் செருகல் பிளாக்டனின் கையெழுத்தில் உள்ளது. தனிப்படிகளாக அச்சான கேவண்டிஷின் கட்டுரையில் 1784 என்பது 1783 எனவும், வாட்டின் கட்டுரையில் 1783 என்பது 1784 எனவும் பிழையாக அச்சாயின. இரு பிழைகளும் ஒரே பக்கம் சாய்ந்ததால் சதி என்ற பேச்சு எழுந்தது. அச்சுப்பிழைக்கு மேல் அதில் எதுவும் இருந்ததற்குச் சான்றில்லை.

சம்பந்தப்பட்டவர்கள் வாழ்நாளில் பெரிதும் அடங்கியிருந்த இப்பூசல், அவர்கள் அனைவரும் மறைந்தபின் பெருந்தீயாக எழுந்தது. பிரெஞ்சு அறிஞர் அரகோ வாட்டைப் போற்றி ஆற்றிய உரை 1839இல் அச்சில் வந்தது. நீரின் இயைபைக் கண்டவர் வாட்டே என்று அது வாதிட்டது. அதே ஆண்டு பர்மிங்காமில் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் தலைமையுரையில் வெர்னன் ஹார்கோர்ட் கேவண்டிஷின் குறிப்பேடுகளைச் சான்றுகாட்டி எதிர்வாதம் செய்தார். 1846இல் வாட்டின் கடிதங்களை மியூர்ஹெட் வெளியிட, 1851இல் ஜார்ஜ் வில்சன் எழுதிய கேவண்டிஷ் வரலாற்றின் பெரும்பகுதி இவ்வழக்குரையாகவே அமைந்தது. டேவிட் பிலிப் மில்லர் 2004இல் வெளியிட்ட நூல் இப்பூசலையே பொருளாகக் கொண்டது. அதைப் பயில்வோர் காண்பது, நீரைப் பற்றிய வழக்கினூடே, தொழில்வினைஞரான பொறியாளருக்கு அறிவியலில் எந்த இடம் என்ற வழக்கும் நடந்தமை.

வரலாற்று நோக்கில் மூவர் பங்கும் மூன்று வகையானது. கேவண்டிஷ் நீரை ஆக்கினார், அளந்தார். நீரை இன்று கொள்ளும் பொருளில் சேர்மமாகக் கொள்ளவில்லை. வாட் அதைக் கூட்டுப்பொருள் என முதலில் எழுதினார். சோதனை செய்யவில்லை, அவர் சார்ந்திருந்த பிரீஸ்ட்லியின் எரியும் வளி கரியிலிருந்து பெற்ற கலப்பு வளி. லவாய்சியர் பிறர் சொல்லிய சோதனையைச் செய்து, இன்று ஏற்கப்படும் விளக்கத்தைத் தந்தார். ‘கண்டுபிடித்தவர்’ என்ற ஒற்றைச் சொல் இம்மூவரில் ஒருவருக்கும் முழுமையாகப் பொருந்தாது.

பகுத்தலும் மறுப்பும்

சேர்மம் என்றால் பகுக்கவும் இயலவேண்டும். இதற்கு வாய்ப்பு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1783 ஆகஸ்டு 27 அன்று சார்ல் என்னும் இயற்பியலறிஞர் எரியும் வளி நிரப்பிய பலூனைப் பாரிசில் பறக்கவிட்டார். இவ்வளியை மலிவாக, மிகுதியாகப் பெறும் வழிகளை அறிவியல் கழகம் ஆராயத் தொடங்கியது. அப்பணியில் ஈடுபட்ட இராணுவப் பொறியாளர் மெனியேயும் லவாய்சியரும் 1784இல் பழுக்கக் காய்ச்சிய துப்பாக்கிக் குழாய் வழியே நீரைச் செலுத்தினர். குழாயின் இரும்பு ஆக்சிசனை ஏற்று எடை கூடியது. மறுமுனையில் எரியும் வளி வெளிவந்தது. 1785 பிப்ரவரி இறுதியில் ஆர்செனலில் முப்பதுக்கும் மேற்பட்ட அறிஞர் முன்னிலையில் பகுத்தலும் தொகுத்தலும் ஒருங்கே நிகழ்த்தப்பட்டன. 1787இல் புதிய பெயரிடு முறை வந்தபோது எரியும் வளி ‘நீரைப் பிறப்பிப்பது’ என்னும் பொருளில் ஐதரசன் ஆயிற்று.

பெயர் இங்கே நடுநிலையான முத்திரை அன்று. முடிவையே உள்ளடக்கிய வாதம். அப்பெயரைச் சொல்பவர் நீர் சேர்மம் என்பதை ஒப்புக்கொண்டவராகிறார். தமிழில் ‘நீரகம்’, ‘நீரியம்’ என ஆக்கப்பட்ட சொற்களும் இக்கோட்பாட்டின் வழித்தோன்றல்களே. இணைச்சொல்லான ஆக்சிசன், ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’ என்னும் பிழைபட்ட கோட்பாட்டைச் சுமக்கிறது; உப்பமிலத்தில் ஆக்சிசன் இல்லை என்பதை 1810இல் ஹம்ப்ரி டேவி வாதிட்டு நிறுவிய பின்னும் பெயர் மாறவில்லை. தமிழில் வழங்கும் ‘உயிர்வளி’ அப்பிழையைச் சுமக்கவில்லை.

துப்பாக்கிக் குழாய்ச் சோதனை பிளாஜிஸ்டன் கோட்பாட்டினரை வாயடைக்கச் செய்யவில்லை. எரியும் வளி இரும்பிலிருந்து வெளியேறிய பிளாஜிஸ்டன். அதன் இடத்தை நீர் பிடித்துக்கொண்டதால் இரும்பு எடை கூடியது என்பது அவர்கள் விடை. எடைக் கணக்கு இரு விளக்கத்திற்கும் ஒன்றே. வளிகளைச் சேர்த்தால் கிடைப்பது நீரன்று, அமிலம் என்ற பிரீஸ்ட்லியின் வாதம் இன்னும் வலுவானது. 1790இல் பூர்குருவா, வோக்லன், செகேன் மூவரும் வளிகளை மிக மெதுவாகப் பல நாள் எரித்து அமிலத் தன்மை ஏறத்தாழ அற்ற நீரைப் பெற்றபோது அவ்வாதம் வலுவிழந்தது. ஆயினும் பிரீஸ்ட்லி மனம் மாறவில்லை. அமெரிக்காவில் குடியேறிய பின்னர், 1800இல், நீரின் கூட்டியைபை மறுத்து நூல் வெளியிட்டார்; 1804இல் அக்கொள்கையோடே மறைந்தார். 2012இல் ஹசோக் சாங் எழுதிய நூல், பிளாஜிஸ்டன் கோட்பாடு உரிய காலத்திற்கு முன்பே கைவிடப்பட்டது என வாதிடுகிறது. 1785க்கு அது பொருந்தலாம். 1790இன் சோதனைக்குப் பின் அவ்வாதத்தின் வலிமை குறைகிறது.

வோல்ட்டாவின் மின்கல அடுக்கைப் பற்றிய செய்தி லண்டனை எட்டியவுடன், 1800 மே மாதத் தொடக்கத்தில் நிக்கல்சனும் கார்லைலும் நீரை மின்சாரத்தால் பகுத்தனர். இன்று தெளிவின் எடுத்துக்காட்டாக விளங்கும் இச்சோதனை அன்று குழப்பத்தையே கூட்டியது. ஒரே நீர்த்துகள் பிரிந்தால் இரு வளிகளும் ஓரிடத்தில் தோன்றவேண்டும்; இங்கோ ஓரங்குலத்திற்கு மேற்பட்ட இடைவெளியில் தனித்தனியே தோன்றுகின்றன. ஜெர்மனியில் ரிட்டர் இதற்கு எளிய விடை கூறினார்: நீர் தனிமமே, அதனோடு ஒருவகை மின்சாரம் சேர்ந்தால் ஐதரசன், மறுவகை சேர்ந்தால் ஆக்சிசன். மின்வாய்களைச் சுற்றி அமிலமும் காரமும் தோன்றியது மற்றொரு புதிர். கலங்களை அகேட்டிலும் பின்னர்ப் பொன்னிலும் செய்து, மாசுகளே அவற்றிற்குக் காரணம் என 1806இல் டேவி காட்டினார். ரிட்டரின் விளக்கம் நேரடியாக மறுக்கப்படவில்லை. அதை எடுத்துச்செல்ல ஆளின்றி மங்கியது.

இரண்டுக்கு ஒன்று

1805இல் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட்டும் கே-லூசாக்கும் 100 பங்கு ஆக்சிசனுக்கு 199.89 பங்கு ஐதரசன் எனக் கண்டு, அதை 200 எனக் கொண்டனர். 1808இல் கே-லூசாக் வளிகள் யாவும் எளிய முழுஎண் கனஅளவுகளில் சேர்கின்றன என்ற பொதுவிதியை முன்வைத்தார்.

அதே 1808இல் வெளிவந்த டால்டனின் நூல் நீரை ஈரணுப் பொருள் என்றது. இரு தனிமங்களுக்கிடையே ஒரே சேர்மம் மட்டும் அறியப்பட்டிருந்தால், மறுதலைக் காரணம் இல்லாதவரை அதை ஒன்றுக்கு ஒன்று எனக் கொள்க என்பது அவர் விதி. ஐதரசன் பெராக்சைடு 1818இல்தான் அறியப்பட்டது. எனவே நீர் எச்ஓ. ஐதரசன் 1 எனின் ஆக்சிசனின் அணு எடை 7, திருந்திய அளவீடுகளின்படி 8. கே-லூசாக்கின் விதி அவருக்கு ஏன் உதவவில்லை? ஒரு பங்கு ஆக்சிசன் இரு பங்கு நீராவியைத் தருகிறது. சம கனஅளவில் சம எண்ணிக்கைத் துகள் எனக் கொண்டால், ஒவ்வொரு நீராவித் துகளிலும் அரை ஆக்சிசன் துகள் இருக்கவேண்டும். பகுக்கவியலாத அணுவைப் பாதியாக வெட்டச் சொல்லும் கருதுகோளை அணுக்கொள்கையின் தந்தை எவ்வாறு ஏற்பார்?

1811இல் அவகாட்ரோ இதற்கு வழி காட்டினார். வளியின் துகள் தனி அணு அன்று. ஒரே தனிமத்தின் அணுக்கள் இணைந்த மூலக்கூறு. வினையின்போது அது பிளவுபடும். ஆனால் ஒரே தன்மையுள்ள இரு அணுக்கள் ஏன் இணையவேண்டும் என்பதற்கு விடையில்லை. எதிரெதிர் மின்தன்மையே சேர்க்கைக்குக் காரணம் என்ற பெர்சீலியசின் கொள்கை ஓங்கியிருந்த காலத்தில் அது பொருந்தாக் கற்பனையாகத் தோன்றியது. பெர்சீலியசும் நீரில் இரு ஐதரசன் அணுக்கள் உண்டென்றே கொண்டார். அவகாட்ரோவின் வழியில் அன்று, தனிமங்களின் கனஅளவே அணு எண்ணிக்கையைக் காட்டும் என்ற தம் வழியில்.

மற்றொரு புறம், அணுவைப் பற்றிய ஊகமே வேண்டா, எடையால் அறியும் சமானங்கள் போதும் என்றனர் வொல்லாஸ்டனும் அவர் வழிவந்தோரும். ஜெர்மனியில் பரவலாகப் பயன்பட்ட மெலினின் கையேடு எச்ஓ என்றே எழுதியது. சமானம் நேரடியாக அளக்கத்தக்கது என்பது அவர்கள் வலிமை. 1842இல் டியூமா சூடான செப்பு ஆக்சைடின்மேல் ஐதரசனைச் செலுத்தி, 19 சோதனைகளில் மொத்தம் 945.439 கிராம் நீரை ஆக்கினார். அதில் ஆக்சிசன் 840.161 கிராம். எடை விகிதம் 1:7.98. அந்நூற்றாண்டின் மிகச்சிறந்த அளவீடுகளுள் ஒன்று இது. எனினும் எச்ஓ, எச்₂ஓ என்னும் இரண்டில் எது சரி என்று முடிவுசெய்ய இதனால் இயலாது. முன்னதற்கு ஆக்சிசன் 8, பின்னதற்கு 16. எடைக்கணக்கு இரண்டிலும் பிழையின்றி அமையும். துல்லியம் கூடக்கூட விடை கிட்டும் என்ற எதிர்பார்ப்பு இங்கே பொய்த்தது. குறைவாக இருந்தது துல்லியம் அன்று. வேறு வகையான சான்று.

அச்சான்று கரிம வேதியியலிலிருந்து வந்தது. 1850இல் லண்டனில் அலெக்சாண்டர் வில்லியம்சன் ஆல்ககாலின் பொட்டாசியச் சேர்மத்தோடு எத்தில் அயோடைடைச் சேர்த்தார், ஈதர் கிடைத்தது. மெத்தில் அயோடைடைச் சேர்த்தபோது இருவேறு ஈதர்களின் கலவை கிடைக்கவில்லை. எத்தில், மெத்தில் இரண்டும் ஒரே மூலக்கூறில் அமைந்த ஒரே கலப்பு ஈதர் கிடைத்தது. ஆகவே ஈதரில் ஓர் ஆக்சிசன் இரு தொகுதிகளைப் பிணைக்கிறது; ஆல்ககாலில் அதே ஆக்சிசன் ஒரு தொகுதியையும் ஓர் ஐதரசனையும் பிணைக்கிறது; நீரில் இரு ஐதரசன்களை. நீரைப் பற்றிய முடிவு நீரைத் தொடாத ஒரு வினையால் வலுப்பெற்றது. இவ்வரலாற்றில் பாடநூல்கள் விட்டுவிடும் மிக முக்கியமான சோதனை எதுவெனில் இதையே சுட்டவேண்டும்.

1860 செப்டம்பர் 3 முதல் 5 வரை கார்ல்ஸ்ரூவில் ஏறத்தாழ 140 வேதியியலறிஞர்கள் கூடினர். கூட்டம் முடிவெதுவும் எடுக்காமல் கலைந்தது. கன்னிசாரோ 1858இல் எழுதிய சிறு பாடக்குறிப்பின் படிகள் இறுதியில் வழங்கப்பட்டன. அவர் முறை எளியது. ஐதரசன் மூலக்கூறின் எடை 2 எனக் கொண்டு, வளி அடர்த்தியால் ஒவ்வொரு சேர்மத்தின் மூலக்கூறு எடையையும் காண்க. நீராவி ஐதரசனைப் போல் ஒன்பது மடங்கு அடர்த்தியுடையது, எனவே 18. ஆக்சிசன் அடங்கிய எச்சேர்மத்தின் மூலக்கூறிலும் ஆக்சிசனின் பங்கு 16க்குக் குறைவதில்லை. 16இன் மடங்காகவே வருகிறது. ஆகவே ஆக்சிசனின் அணு எடை 16, நீரில் எஞ்சிய 2 பங்கு இரு ஐதரசன் அணுக்கள். இவ்வெண்கள் தன்வெப்ப அளவீடுகளோடும் முரணின்றி நின்றன. லோத்தர் மேயரும் மெண்டலீவும் அக்கூட்டத்தில் இருந்தனர். தனிம அட்டவணைக்கு இத்திருந்திய அணு எடைகளே அடித்தளம். பிரான்சில் பெர்த்தலோ மேலும் முப்பதாண்டு சமான முறையையே பிடித்துக்கொண்டிருந்தார். மின்னாற்பகுப்புக் கருவியை ஹாப்மன் வகுப்பறைக்கு உரியதாக்கியது கார்ல்ஸ்ரூவிற்குப் பிறகு, 1860களில். வாய்பாட்டை மெய்ப்பிக்க வந்த கருவி அன்று அது. மெய்ப்பிக்கப்பட்டதைக் காட்சிப்படுத்த வந்தது.

ஒரே வாய்பாடு, வேறு நீர்

இயைபு பற்றிய வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே நீரின் பௌதிகப் பண்புகள் அளவீட்டு முறையின் அடித்தளமாகிவிட்டன. 1795 ஏப்ரல் 7இன் பிரெஞ்சுச் சட்டம் உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையில் ஒரு கன சென்டிமீட்டர் தூய நீரின் எடையை கிராம் என்றது. அதை நடைமுறைப்படுத்தும் பணி லெபேவர்-ஜினோவிடமும் ஃபிளாரன்சைச் சேர்ந்த ஃபப்ரோனியிடமும் வந்தது. முன்னவர் 1788இல் பேரளவில் நீரைத் தொகுத்து லவாய்சியரின் முடிவைச் சரிபார்த்தவர். உருகும் நிலையைவிட, நீர் பேரடர்த்தி பெறும் 4 பாகை அளவில் அளப்பதே நிலையானது என அவர்கள் கண்டனர். 1799இன் கிலோகிராம் அவ்வாறே அமைந்தது. தூய நீர் எங்கும் எப்போதும் ஒன்றே என்பது இதன் சொல்லாத எடுகோள்.

அவ்வெடுகோள் 1931இன் இறுதியில் சிதைந்தது. ஹெரால்டு யூரேயும் அவர் குழுவினரும் இருமடங்கு நிறையுள்ள ஐதரசன் ஐசோடோப்பைக் கண்டனர். நெடுநாள் மின்னாற்பகுப்பு நடந்த தொழிற்கலங்களில் எஞ்சிய நீர் சாதாரண நீரைவிட அடர்த்தி மிக்கதாக இருப்பதை வாஷ்பர்ன் கண்டார்; மின்சாரம் எல்லா நீரையும் ஒரே வேகத்தில் பகுப்பதில்லை. 1933இல் லூயிஸ் ஏறக்குறையத் தூய கனநீரைப் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பு வாய்பாட்டில் மாற்றமில்லை: இரு ஐதரசன், ஓர் ஆக்சிசன். ஆனால் அது 3.8 பாகையில் உறைகிறது, 101.4 பாகையில் கொதிக்கிறது, பேரடர்த்தி அடைவது 11 பாகைக்குச் சற்று மேல். இயற்கை நீரில் ஏறத்தாழ 6,400 ஐதரசன் அணுக்களுக்கு ஒன்று இவ்வகையது. அவ்விகிதமும் மழைநீருக்கும் கடல்நீருக்கும் வேறுபடும்.

1954 முதல் கெல்வின் என்னும் வெப்பநிலை அலகு நீரின் மும்மைப் புள்ளியைக் கொண்டு வரையறுக்கப்பட்டது, அப்புள்ளி 273.16 கெல்வின். எந்த நீரின் மும்மைப் புள்ளி என்பதைப் பன்னாட்டு எடை அளவைக் குழு 2005இல் தெளிவுபடுத்தவேண்டியதாயிற்று. ஒரு மோல் சாதாரண ஐதரசனுக்கு 0.00015576 மோல் டியூட்டிரியம் என்பது அது குறித்த அளவு. ஆக்சிசனின் இரு கன ஐசோடோப்புகளுக்கும் இவ்வாறே விகிதங்கள் தரப்பட்டன. 2019இல் கெல்வினின் வரையறை போல்ட்ஸ்மான் மாறிலிக்கு மாற்றப்படும்வரை இக்குறிப்பு நடைமுறையில் இருந்தது.